சிவப்புக் கோடு விழாத பிழைகள்: ஒரு குழுவின் ஆங்கிலம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

வாடிக்கையாளர்களின் கேள்விகளுக்கும் புகார்களுக்கும் ஆங்கிலத்தில் பதில் எழுதும் குழு அது. மொத்தம் 14 பேர். சிலருக்கு ஆங்கிலம் தாய்மொழி. மற்றவர்கள் பள்ளியிலிருந்தே அதில் படித்து, அதிலேயே வேலை பார்த்தவர்கள். மொழி தெரியாமல் அந்த நாற்காலிக்கு வந்தவர்கள் யாரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விசாரணை தொடங்கியபோது எல்லாரும் மறந்துபோன விஷயம் இதுதான்.

பல ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்த அனுபவம் எனக்கு உண்டு என்பதால் வெளியிலிருந்து என்னை அழைத்தார்கள். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதியோடு, யாருடைய அடையாளமும் தெரியாதபடி இதை எழுதுகிறேன்.

தொடக்கம்: ஓர் எழுத்து

பணத்தைத் திருப்பித் தரக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் எழுதியிருந்தார். விதிப்படி தர முடியாது. பதில் எழுதியவர் 'நாட்' என்று தட்ட வேண்டிய இடத்தில் 'நவ்' என்று தட்டிவிட்டார். கடைசி எழுத்து 'டி'க்குப் பதில் 'டபிள்யூ'. அவ்வளவுதான் வித்தியாசம். 'எங்களால் திருப்பித் தர இயலாது' என்ற கடிதம் 'இப்போது எங்களால் திருப்பித் தர முடியும்' என்று போய்ச் சேர்ந்தது. வாடிக்கையாளர் நன்றி சொல்லிப் பதில் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பணம் வரவில்லை. பிறகு நடந்த வாக்குவாதத்தின் முடிவில் நிறுவனம் எழுதிய வார்த்தைக்குக் கட்டுப்பட்டுப் பணத்தைக் கொடுத்தது.

அதற்குப் பின் மூத்த மேலாளர் ஒருவர் சில வாரங்கள் குழுவின் கடிதங்களைப் பார்த்து, பிழை என்று தோன்றியவற்றையெல்லாம் கோடிட்டு ஒரு கோப்பு தயாரித்தார். தடிமனான கோப்பு. அதை என் முன்னால் வைத்து, "நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இப்படி ஒரு கடிதம்கூட வெளியே போகாது. இந்தத் தலைமுறைக்கு இலக்கணமும் தெரியவில்லை, ஸ்பெல்லிங்கும் தெரியவில்லை" என்றார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். இலக்கண வகுப்பு நடத்த வேண்டும் என்பது அவருடைய யோசனை. கோப்பின் முதல் பத்துப் பக்கங்களைப் புரட்டியதும் எனக்கும் அது சரியென்றே பட்டது.

கோப்பைப் பிரித்தபோது

வகுப்புக்குப் பாடம் தயாரிக்க வேண்டுமே என்றுதான் பிழைகளை வகைப்படுத்த உட்கார்ந்தேன். மூன்று குவியலாகப் பிரிந்தன.

முதல் குவியலில் இருந்தவை பிழைகளே அல்ல. வாக்கியத்தை 'டு', 'வித்' போன்ற முன்னிடைச் சொல்லில் முடித்தது, 'அண்ட்' என்று வாக்கியத்தைத் தொடங்கியது, ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரைக் குறிக்க, 'அவர்கள்' என்று பொருள்படும் 'தே' என்ற சொல்லை எழுதியது. இவற்றைத் தவறென்று மேலாளருக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒருமைக்கு 'தே' வருவது 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஆங்கிலத்தில் உண்டு. முன்னிடைச் சொல்லில் வாக்கியம் முடியக்கூடாது என்பதற்கு அடிப்படை, 1672இல் ஜான் டிரைடன் என்ற கவிஞர் தனக்கு முந்தைய நாடகாசிரியர் ஒருவரிடம் கண்ட குறை. அவருடைய ரசனை நாளடைவில் பள்ளி விதியாகிவிட்டது. 'கலர்' என்ற சொல்லில் 'யு' இல்லை என்று சுழித்திருந்த இடங்களும் இதே குவியலில் சேர்ந்தன. அது நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி நிலைநிறுத்திய அமெரிக்க எழுத்துமுறை.

இரண்டாம் குவியல், அகராதியிலேயே இல்லாத எழுத்துக்கோவைகள். உண்மையான எழுத்துப்பிழைகள். இதுதான் பெரிதாக இருக்கும் என்று நினைத்தேன். மிகச் சிறியதாக இருந்தது.

மூன்றாவதுதான் மலை. ஒவ்வொரு சொல்லும் சரியான ஆங்கிலச் சொல், ஆனால் அந்த இடத்துக்கு உரியதல்ல. இழப்பதைக் குறிக்கும் 'லூஸ்' என்ற சொல்லுக்கு ஒரு 'ஓ' போதும். இரண்டு போட்டால் தளர்வானது என்று பொருள். கோப்பு முழுக்க இரண்டு. 'அதனுடைய' என்ற பொருளில் வரும் 'இட்ஸ்' சொல்லுக்கு மேலே அபாஸ்ட்ரபி. 'நிச்சயமாக' என்று சொல்ல வந்த 'டெஃபினிட்லி' சில கடிதங்களில் 'டிஃபையன்ட்லி' ஆகியிருந்தது. 'நிச்சயமாகத் தொடர்புகொள்வோம்' என்பது 'முரண்டு பிடித்துத் தொடர்புகொள்வோம்' ஆகிவிட்டது. ஒருமையில் தொடங்கிப் பன்மையில் முடிந்த வாக்கியங்கள், இரண்டு முறை விழுந்த சொற்கள், விழாமல் போன சொற்கள். 'நவ்' கடிதமும் இந்தக் குவியலில்தான்.

மூன்றாவது குவியலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரி முதலாண்டு மாணவர்களின் கட்டுரைகளில் உள்ள பிழைகளை வெவ்வேறு காலங்களில் எண்ணியிருக்கிறார்கள். ஆண்ட்ரியா லன்ஸ்ஃபோர்டும் கேரன் லன்ஸ்ஃபோர்டும் 2008இல் வெளியிட்ட கட்டுரை அந்தக் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறது. 100 சொல்லுக்கு 1917இல் 2.11 பிழை, 1986இல் 2.26, 2006இல் 2.45. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டில் அவ்வளவுதான் நகர்வு. அதே நேரத்தில் கட்டுரையின் சராசரி நீளம் 162 சொல்லிலிருந்து 1,038 சொல்லாகிவிட்டது. பிழையின் வகையும் மாறியிருந்தது. 1986இல் எழுத்துப்பிழைதான் மற்ற எல்லாவற்றையும் விடப் பல மடங்கு முன்னால் நின்றது. 2006இல் அது ஐந்தாம் இடத்துக்கு இறங்கி, 'தவறான சொல்' முதலிடத்துக்கு வந்துவிட்டது. இடைப்பட்ட 20 ஆண்டுகளில் பிழைதிருத்தி எல்லாக் கணினிகளிலும் ஏறியிருந்தது.

என் மேசையில் இருந்த மூன்று குவியல்களும் அதே கதையைத்தான் சொல்லின. இருந்தும், வகுப்பு நடத்துவதாக ஒப்புக்கொண்டாயிற்று என்பதால் அதையே தொடர்ந்தேன். அது என் தவறு.

முதல் முடிவு: தேர்வும் வகுப்பும்

யாருக்கு என்ன தெரியவில்லை என்று அறிய ஒரு தேர்வு வைத்தோம். அவர்களே எழுதிய கடிதங்களிலிருந்து பெயர்களை நீக்கி 20 வாக்கியங்களை எடுத்து, பிழை திருத்தச் சொன்னோம். காகிதத்தில், அமைதியான அறையில், நேரக்கெடு இல்லாமல்.

12 பேர் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருத்திவிட்டார்கள். 'நவ்' கடிதத்தை எழுதியவர் அதே வகைப் பிழை உள்ள வாக்கியத்தைப் படித்த உடனே சுழித்தார். ஒருவர் 'இட்ஸ்' பிழையைத் திருத்தியதோடு நிற்காமல் ஓரத்தில் விதியையும் எழுதி வைத்தார். தேர்வுக்குப் பிறகு, அந்த வாக்கியம் அவருடைய கடிதத்திலிருந்தே எடுத்தது என்று தனியாகச் சொன்னேன். "இருக்கவே இருக்காது, நான் இப்படி எழுத மாட்டேன்" என்றார். மூலக் கடிதத்தைக் காட்டியதும் நெடுநேரம் பேசவில்லை. அவரை அப்படிச் சங்கடப்படுத்தியிருக்க வேண்டாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீதி இருவருக்கு உண்மையிலேயே சில இடங்கள் தெரியவில்லை. 'ஷுட் ஹாவ்' என்று எழுத வேண்டியதை ஒருவர் 'ஷுட் ஆஃப்' என்றே எழுதினார். சுருக்கிப் பேசும்போது காதில் விழுவது அப்படித்தான். அவர் அதைக் கேட்டுப் பழகியவர், அச்சில் பார்த்துப் பழகியவர் அல்ல. ஆங்கிலத்தில் இது சாதாரண விஷயமில்லை. காதை நம்பி எழுதினால் அந்த மொழி கைவிட்டுவிடும். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்த பிறகு எழுத்து மெல்ல மெல்ல உறைந்தது, ஆனால் உயிரொலிகள் அப்போது இடம் மாறிக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் உச்சரித்த 'கே' இன்று, குதிரைவீரனைக் குறிக்கும் 'நைட்' என்ற சொல்லின் முன்னால் சத்தமில்லாமல் நிற்கிறது. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் உள்ள 'பி' அதைவிட மோசம். லத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றவர்கள் பின்னால் செருகியது அது, ஆங்கிலத்தில் யாரும் ஒலித்ததே இல்லை. இப்படிப்பட்ட மொழியில் சரியாக எழுதக் கண்ணுக்குத்தான் நினைவு வேண்டும்.

அந்தக் கண் நினைவு எதைப் படிக்கிறோமோ அதிலிருந்து வருகிறது. 1990இல் லாரி ஜேகபி, ஆன் ஹாலிங்ஸ்ஹெட் இருவரும் வெளியிட்ட ஆய்வில், பிழையாக எழுதிய சொற்களைப் படித்தவர்கள் பிறகு அதே சொற்களை எழுதும்போது தடுமாறினார்கள். மாணவர்களின் கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்த துன்பம்தான். முன்பு ஒருவர் நாள் முழுக்கப் படித்ததில் பெரும்பகுதி, யாரோ திருத்தி அச்சிட்டதாக இருக்கும். இன்று நாள் முழுக்கப் படிப்பது யாரும் திருத்தாத எழுத்து. தவறான வடிவமும் சரியான வடிவமும் கண்ணில் சரிக்குச் சரியாகப் பட்டால், எது சரி என்ற உறுதி தெரிந்தவர்களுக்கே குலைகிறது.

இரண்டு அமர்வுகளோடு வகுப்பை நிறுத்தினேன். தெரிந்ததையே சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை என்பதோடு, அவர்கள் என்னை ஒரு தண்டனையாகப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது

அப்புறம்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். மூன்று நாள் அவர்கள் வேலை செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று சாட் ஜன்னல்களில் பதில் சொல்லிக்கொண்டு, நடுவில் ஒரு மின்னஞ்சலும் எழுதுகிறார். திரையின் மூலையில் ஒரு கடிகாரம், முதல் பதிலுக்கு எவ்வளவு நேரம் எடுத்தார் என்று எண்ணுகிறது. எழுதி முடித்ததும் கை அனுப்பும் பொத்தானுக்குப் போகிறது. எழுதியதைத் திரும்பப் படித்ததாக நான் பார்த்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவர்கள் பார்த்தது ஒன்றைத்தான்: சிவப்புக் கோடு இருக்கிறதா? கோடு இல்லையென்றால் கடிதம் தயார்.

சிவப்புக் கோட்டுக்குத் தெரிந்தது, சொல் அகராதியில் உண்டா இல்லையா என்பது மட்டுமே. 'நவ்' அகராதியில் உண்டு, இரண்டு 'ஓ' உள்ள 'லூஸ்' உண்டு, 'டிஃபையன்ட்லி' உண்டு. கடைசிச் சொல்லை யாரும் தட்டவே இல்லை என்பதையும் கண்ணால் பார்த்தேன். 'டெஃபினிட்லி'யை எழுத்து மாற்றித் தட்டினால், இயந்திரம் தானாக அதை 'டிஃபையன்ட்லி' ஆக்கிவிடுகிறது. அதாவது கண்ணில் பட்டிருக்கக்கூடிய ஓர் எழுத்துப்பிழையை, கண்ணில் படாத ஒரு சொற்பிழையாக இயந்திரம் மாற்றித் தருகிறது. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் கலெட்டா குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை இங்கே பொருந்துகிறது. மொழித்திறன் அதிகமுள்ள மாணவர்கள்கூட, திருத்தும் மென்பொருளோடு ஒரு கடிதத்தைப் பார்த்தபோது, மென்பொருள் இல்லாமல் பார்த்தவர்களைவிட அதிகப் பிழைகளை விட்டுவிட்டார்கள். கோடு விழாத இடத்தை நம்பிவிட்டார்கள்.

செல்போன் சுருக்கெழுத்துதான் காரணம் என்று குழுவிலேயே சிலர் சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பெவர்லி பிளெஸ்டர், கிளேர் வுட் ஆகியோர் குழந்தைகளிடம் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், சுருக்கெழுத்தை அதிகம் பயன்படுத்தியவர்கள் படிப்புத்திறனில் பின்தங்கவில்லை, முன்னால் நின்றார்கள். ஒலியை நன்றாகப் பிரித்தறிபவரால்தான் சுருக்கி எழுத முடியும். நான் பார்த்த சிக்கல் வேறு. சாட்டில் பெரிய எழுத்தும் காமாவும் இல்லாமல் வாடிக்கையாளருக்கு ஈடாக எழுதிவிட்டு, அடுத்த நொடியே முறையான கடிதத்துக்குத் தாவும்போது, களைத்த கை பழைய நடையிலேயே ஓடுகிறது.

இன்னும் இரண்டு விஷயங்கள் கிடைத்தன. ஒன்று, டெம்ப்ளேட். அடிக்கடி எழுதும் பதில்களுக்கு அச்சு போல வைத்திருந்த வாசகங்களில் ஒன்றிலேயே அந்த இரண்டு 'ஓ' பிழை இருந்தது. அதை எல்லாரும் மாதக்கணக்கில் நகலெடுத்திருக்கிறார்கள். மேலாளரின் கோப்பு தடித்ததற்கு இது ஒரு பெரிய காரணம்.

மற்றொன்று பழைய அலமாரியில் இருந்தது. மேலாளர் நினைவுகூர்ந்த அந்தப் பிழையில்லாத காலத்துக் கடிதங்களைப் பார்க்கக் கேட்டேன். அனுப்பிய நகல்களோடு, சில கைவரைவுகளும் சேர்ந்து கிடைத்தன. வரைவுகளில் பென்சில் திருத்தங்கள். உடைமைப் பொருளில் அபாஸ்ட்ரபி போட்ட 'இட்ஸ்', தப்பான இடத்தில் தப்பான சொல், பாதியில் திசைமாறிய வாக்கியம், எல்லாம் அங்கேயும் இருந்தன. அன்றைய முறையில் ஒருவர் எழுதுவார், ஒருவர் தட்டச்சு செய்வார், கையெழுத்திடுபவர் படிப்பார். எழுதியவருக்கும் வாசகருக்கும் நடுவே இரண்டு பேர் நின்றார்கள். பிழைகள் அவர்களிடம் நின்றுவிட்டன. இன்று அந்த இரண்டு நாற்காலிகளும் இல்லை.

வரைவுகளை மேலாளரிடம் காட்டினேன். "அப்போதும் எழுதினோம், ஆனால் படித்தோம்" என்றார். மொழி கெட்டுப்போகிறது, அதைத் திருத்தி நிலைநிறுத்த ஓர் அமைப்பு வேண்டும் என்று ஜோனதன் ஸ்விஃப்ட் 1712இலேயே எழுதியிருக்கிறார் என்று அவரிடம் சொன்னேன். அது அவரை அசைக்கவில்லை. பென்சில் கோடுகள்தான் அசைத்தன.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

டெம்ப்ளேட்களை முழுக்கப் படித்துத் திருத்தினோம். ஒரு நாள் வேலை.

தானாகச் சொல்லை மாற்றும் வசதியை அணைத்து, கோடிட்டுக் காட்டுவதை மட்டும் விட்டுவைத்தோம். பிழை பிழையாகவே தெரிந்தால் மனிதர் பார்த்துத் திருத்துவார்.

இரண்டாவது கண் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எல்லாக் கடிதங்களுக்கும் அது நடக்காது. ஆகவே பணம், தேதி, 'உண்டு–இல்லை' என்று முடிவு சொல்லும் கடிதங்களை மட்டும் அனுப்பும் முன் இன்னொருவர் படிக்க வேண்டும் என்று வைத்தோம். அந்தக் கடிதங்களுக்குக் கடிகாரம் ஓடாது. இந்த ஒரு வரியை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. நேரத்தை அளக்கும் வரை யாரும் திரும்பப் படிக்க மாட்டார்கள் என்று மூன்று நாள் பார்த்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

மறுப்புச் சொல்லும்போது 'நாட் ஏபிள்' என்று எழுதாமல் 'அனேபிள்' என்று எழுதச் சொன்னோம். ஓர் எழுத்து தவறினாலும் பொருள் தலைகீழாகாது.

அந்த இருவருக்கு மட்டும் தனியாக உதவினேன். விதிகளை ஒப்பிக்கச் சொல்லவில்லை. நல்ல அச்சு உரைநடையைத் தினமும் கொஞ்சம் படித்து, கையால் பார்த்து எழுதச் சொன்னேன்.

முதல் குவியலைப் பிழைக் கணக்கிலிருந்து எடுத்தோம். மேலாளர் ஒரு நிபந்தனையோடு இசைந்தார்: நிறுவனத்தின் கடிதநடை எது என்று ஒரு பக்கம் எழுதி வைக்க வேண்டும். நியாயமான கேட்பு. எழுதினோம்.

பின்னர் நடந்தது

மூன்று மாதம் கழித்து ஒரு வாரத்துக் கடிதங்களை எடுத்து மறுபடி பிரித்தேன். டெம்ப்ளேட் பிழைகள் போய்விட்டன. 'டிஃபையன்ட்லி' ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதில் சாதாரண எழுத்துப்பிழைகள் கொஞ்சம் கூடியிருந்தன. இதை எதிர்பார்த்தேன், எனக்கு இது நஷ்டமாகத் தோன்றவில்லை. பொருளைத் தலைகீழாக்கும் பிழை எதுவும் இரண்டாவது கண் பார்த்த கடிதங்களில் இல்லை.

சாட்டில் எதுவும் மாறவில்லை. அங்கே யாரும் திரும்பப் படிப்பதில்லை, படிக்க நேரமும் இல்லை.

எதிர்பார்க்காதவையும் நடந்தன. இரண்டாவதாகப் படித்தவர்களில் சிலர் பிழை பார்ப்பதை விட்டு நடையை மாற்றத் தொடங்கினார்கள். அதனால் இருவருக்குள் மனக்கசப்பு. 'தவறென்றால் திருத்து, பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடு' என்று தனியாக ஒரு வரி எழுதி ஒட்ட வேண்டியிருந்தது. நெருக்கடியான ஒரு வாரத்தில் இரண்டாவது வாசிப்பு நின்றுபோய், தவறான தேதியோடு ஒரு கடிதம் வெளியே போனது. இதற்கிடையே சிலர் செயற்கை நுண்ணறிவுக் கருவியில் கடிதம் எழுத ஆரம்பித்திருந்தார்கள். இலக்கணத்தில் குறை சொல்ல முடியாத கடிதங்கள். அவற்றில் ஒன்று, நிறுவனம் தராத ஒரு சலுகையைத் தருவதாக அழகான ஆங்கிலத்தில் வாக்குக் கொடுத்திருந்தது. இரண்டாவதாகப் படித்தவர் அதைப் பிடித்தார். முன்பு சொல் அளவில் நடந்தது இப்போது வாக்கிய அளவில் நடக்கிறது. அதற்கும் சிவப்புக் கோடு விழாது.

'ஷுட் ஆஃப்' எழுதியவர் இப்போது அப்படி எழுதுவதில்லை. தனக்கே அது கண்ணை உறுத்துகிறது என்றார். மற்றவருக்கு இன்னும் தடுமாற்றம் இருக்கிறது.

மறுபடி செய்தால்

டெம்ப்ளேட்டிலிருந்து தொடங்குவேன். தேர்வு வைப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். தேர்வு வைத்தே ஆக வேண்டும் என்றாலும், அவரவர் கடிதத்திலிருந்து வாக்கியம் எடுக்க மாட்டேன். பழைய வரைவுகளை முதல் வாரமே தேடுவேன். 'அன்று–இன்று' என்று ஒப்பிடும்போது அன்றைய திருத்திய நகலை இன்றைய திருத்தாத வரைவோடு வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்பது அவை கிடைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மெய்ப்புப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அது முதலில் தோன்றியிருக்க வேண்டும்.

சாட்டுக்கு என்ன செய்வது என்பதில் குழு இன்னும் முடிவெடுக்கவில்லை. ஒருவருக்கு மூன்று ஜன்னல் என்பதை இரண்டாகக் குறைத்துப் பார்க்கக் கேட்டிருக்கிறேன்.